றைபிள் பயிலத் தொடங்குவோனும் பயிற்சிநெறித் தேர்வும்

கல்வி எனப்படுவது நூற்கல்வி ஒன்றேயன்று. கையும் கண்ணும் பயிலும் கல்வியும் கல்வியேயாம். நூலைப் பிழைபடக் கற்றவன் தேர்வில் தோல்வியுறுவான். அவன் மறுமுறை எழுதித் தேறலாம். துப்பாக்கியைப் பிழைபடக் கற்றவனுக்கு மறுமுறை வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின், இக்கலையைப் பயிலத் தொடங்கும் இளைஞன் எத்தகைய பயிற்சிநெறியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணாக்கன் ஒருவன், குறிசுடும் விளையாட்டைக் கற்க விரும்புவதாகவும், அது குறித்துத் தன் தந்தையாரிடம் யாம் பேசுதல் வேண்டுமெனவும் கேட்டுக்கொண்டான். கொட்டாஞ்சேனையிற் சிறுவணிகம் நடத்தும் அப்பெரியார் ஒரு ஞாயிறு மாலை வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்திற்கு வந்தார். "மாஸ்ரர், துவக்கைக் கண்டு ஒதுங்கியே எங்கள் காலம் போயிற்று. இப்போது பிள்ளையே அதைத் தேடிப் போகிறேன் என்கிறான். நீங்களும் அதற்கு உடந்தையோ?" என்றார்.

யாம் உடனே விடை கூறவில்லை. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெள்ளவத்தைக் கடைவீதி எரிந்ததைக் கண்ணாற் கண்டவர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடியுங்காறும், அடையாள அட்டையைக் கையிலேந்தித் துப்பாக்கி தாங்கியவர் முன் நின்று பழகியது ஒரு தலைமுறை. அத்தலைமுறையினர் கொண்ட அச்சம் அறியாமையன்று; பட்டறிவு. அதனை நகைத்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. எனவே, "ஐயா, சிலநாள் தவணை தாருங்கள்; கண்டறிந்து சொல்லுகின்றேன்" என்று கூறி அவரை அனுப்பினோம். யாம் துப்பாக்கி பிடித்தறியேம். ஆயினும், கற்பிப்போர் தரத்தை அறியும் பழக்கம் இருபதாண்டுத் தொழிலால் எமக்கு ஓரளவு வாய்த்துள்ளது. அதனையே துணையாகக் கொண்டு பயிற்சி நிலையங்கள் இரண்டிற்குச் சென்று பார்த்தோம், அறிந்தாரை வினாவினோம்.

முதற்கண் றைபிள் என்பது யாதெனக் காண்போம். பண்டைத் துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பாயிருந்தது. அவற்றினின்று புறப்படும் குண்டு நெறிதவறிச் செல்லும். குழலின் உட்சுவரிற் சுருள்சுருளாகத் தவாளிப்புக்களை வெட்டினால், சன்னம் அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போலச் சுழலும் சன்னமும் நேரே செல்லும். இத்தவாளிப்பே றைபிள் என்னும் பெயருக்குக் காரணம். கொழும்பு மக்கட்கு இப்பெயர் புதிதன்று. பெரும்பாலும் மலாயரைக் கொண்டிருந்து 1873 இற் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையின் நினைவாகக் கொம்பனித்தெருவில் றைபிள் வீதி இன்றும் உளது. 1881 இற் கொழும்பு றோயல் கல்லூரியிற் தொடங்கிய மாணவர் படைப்பிரிவே பின்னாளில் நாடளாவி வளர்ந்த கடேற் இயக்கத்தின் தோற்றுவாயாகும்.

ஆயின், எம் மாணாக்கன் விரும்பியது படைப்பயிற்சியன்று. ஒலிம்பிக் விளையாட்டுக்களில் இடம்பெறும் குறிசுடுதல். அதனுள்ளும் தொடங்குவோர்க்கு உரியது 10 மீற்றர் வளித்துப்பாக்கி. இதில் வெடிமருந்து இல்லை. அமுக்கப்பட்ட காற்றே 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈயச் சன்னத்தை உந்தும். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றரே. பாயும் சன்னம் அதனினும் ஒன்பது மடங்கு அகன்றது. துப்பாக்கியின் நிறை 5.5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. நின்ற நிலையில் 75 நிமிடத்துள் 60 முறை சுடல் வேண்டும். சென்னையிற் பிறந்த ககன் நரங் 2012 இல் இலண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோவிலும் பாரிசிலும் போட்டியிட்டதும், நம் நாட்டுத் தெஹானி எகொடவெல 2021 இல் தோக்கியோ ஒலிம்பிக்கிற் பங்குகொண்டதும் இத்துறையிலேயே. 50 மீற்றர் தூரத்துச் சிறுகுழல் றைபிளுக்கு வெடிமருந்துண்டு. அது பின்னர்க் கற்கத்தக்கது. பேரொலியும் பின்னுதைப்பும் உடைய துப்பாக்கியை முதலிற் பற்றியவன், விசையை அழுத்துமுன்னரே கண்ணை மூடித் தோளைக் குலுக்கப் பழகிவிடுவான். அப்பழக்கத்தை நீக்குதல் மிக அரிது. ஆகவே, "பெரிய துவக்கில் முதல்நாளே சுடலாம்" என்று அழைக்கும் பயிற்சிநெறி தொடங்குவோனுக்கு உரியதன்று.

இனி, நல்ல பயிற்சிநெறியின் இலக்கணம் யாது? முதல்நாளில் எத்தனை சன்னம் சுடக் கொடுக்கின்றனர் என்று வினவுவோர் பலர். முதற் சன்னத்திற்கு முன்னர் யாது கற்பிக்கின்றனர் என்றே வினவுதல் வேண்டும். எல்லாத் துப்பாக்கியையும் நிரம்பிய துப்பாக்கியாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதனையும் நோக்கிக் குழல்வாயைத் திருப்பற்க. குறி இலக்கிற் பொருந்துங்காறும் விரலை விசையில் வையற்க. இலக்கையும் இலக்கின் அப்பாலுள்ளதையும் அறிந்தபின்னரே சுடுக. இந்நான்கும் நாவாற் சொல்லப்படுவன அல்ல, கையிற் பதியவேண்டியன. 1853 இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் நிறுவப்பட்ட துப்பாக்கிப் பள்ளியிலேயே, நிற்கும் நிலையும் குறிபார்த்தலும் தூரம் மதித்தலும் முதலிற் பயிற்றப்பட்டன. குண்டு பின்னரே கொடுக்கப்பட்டது. இன்றும் தேர்ந்த வீரர் வெறுந்துப்பாக்கியின் விசையை அழுத்திப் பழகுதலை நாடோறும் செய்கின்றனர். குறி ஆடாதிருக்கவும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவும், விசையை வெடுக்கெனப் பறியாது மெல்ல அழுத்தவும் சன்னம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஆசிரியன். துரோணர் மரப்பறவையை இலக்காக வைத்துத் தம் மாணாக்கரைச் சோதித்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அருச்சுனன் பறவையின் தலையன்றிப் பிறிதொன்றும் காணவில்லை என்பதனையே எடுத்துரைப்பது வழக்கம். அக்கதையில் நாம் கருதாது விடும் பகுதி ஒன்றுண்டு: ஏனையோர் அனைவரும் நாணேற்றி நின்றபோதும், அம்பு எய்யாமலே விலகுமாறு ஆசிரியர் பணித்தார். எய்ய விடாது நிறுத்தும் ஆற்றலே அவ்விடத்தில் ஆசிரியத் திறம். சுடுகளத்துக்கோ அருச்சுனன் பார்வையும் போதாது. பறவையின் தலையை மட்டும் காண்பவன் அதன் பின்னே நிற்பவனைக் காணான். குறியைக் கூர்ந்து நோக்குதலும், குறிக்கு அப்பாலுள்ளதை மறவாதிருத்தலும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

ஆதலின், பணம் கட்டுமுன்னர் ஒரு வகுப்பையேனும் அமர்ந்து பார்த்தல் இன்றியமையாதது. யாம் சென்ற முதலிடத்தில் மாணாக்கர் பன்னிருவர்க்கு ஆசிரியர் ஒருவரே இருந்தார். இளைஞன் ஒருவன் ஐயம் வினவக் கருதித் துப்பாக்கியுடனே உடலைத் திருப்பினான்; குழல்வாய் மூவரைக் கடந்து சென்றது. ஆசிரியர் அப்போது கைப்பேசியில் உரையாடிக்கொண்டிருந்தார். ஒருவரும் அஞ்சவில்லை, அதுவே எம்மை அஞ்சவைத்தது. இரண்டாமிடத்தில் மாணாக்கர் நால்வர்க்கு ஒருவர் வீதம் ஆசிரியர் பின்னே நின்றனர். "நிறுத்து" என்னும் கட்டளை எழுந்தவுடன் அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்வாங்கினர். அறையில் துப்பாக்கி வெறுமையென்பதைக் காட்டும் நிறக்கொடியைச் செருகிய பின்னரே எவரும் இலக்கை நோக்கி நடந்தனர். விதியைப் பிழைத்த மாணாக்கன் ஒருவன் அன்று முழுவதும் அமர்ந்து பார்க்குமாறு பணிக்கப்பட்டான். அவன் தந்தையார் கட்டணம் செலுத்தியவர் என்பது அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை.

மூன்றாவது, கருவி. தொடங்குவோன் துப்பாக்கி வாங்குதல் வேண்டா; பயிற்சி நிலையமே இரவல் தரல் வேண்டும். ஒருவன் கைநீளத்துக்கும் தோளுக்கும் ஏற்பத் தண்டின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலுதல் வேண்டும். இடக்கையாளர்க்குரிய கருவி உண்டோ எனவும் வினவுக. நல்லாசிரியர் முதலில் மாணாக்கனின் ஆளும் கண் யாதென ஆராய்வார். கையை நீட்டிப் பெருவிரலைத் தொலைவிலுள்ள பொருளோடு பொருத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடுக. எக்கண் திறந்திருக்கும்போது விரல் இடம்பெயராதோ அதுவே ஆளும் கண். வலக்கையன் ஒருவனுக்கு இடக்கண் ஆளுதலும் உண்டு. இதனை அறியாது மாதக்கணக்கில் வீணே முயல்வாரும் உளர்.

நான்காவது, இடம். சன்னத்தை ஏற்று நிறுத்தும் வலிய பின்தடுப்பு, கண்காப்பு, வெடிமருந்துத் துப்பாக்கியாயின் செவிக்காப்பு, முதலுதவிப் பெட்டி ஆகியன உளவோ எனப் பார்க்க. சன்னம் ஈயமாதலின், பயிற்சிக்குப் பின் கைகழுவாது உண்ணுதல் தீங்கு. கைகழுவ நீரும் சவர்க்காரமும் வைக்காத நிலையம் பிறவற்றிலும் கவனமற்றதாகவே இருக்கும்.

ஐந்தாவது, சட்டம். இந்நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் பின்வந்த திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருத்தல் பெருங்குற்றம். நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுமாறு பெற்றோர் தயங்காது கேட்டல் வேண்டும். தேசியக் குறிசுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடு அதற்குள்ள தொடர்பையும் வினவுக. துப்பாக்கி எங்கே, யார் பொறுப்பில் பூட்டிவைக்கப்படுகின்றது என்பதும் அறியத்தக்கது. மாணாக்கன் வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவருதல் ஆகாது. நம்மனோர்க்கு இவ்விதி சட்டத்தின் பொருட்டு மட்டுமன்று, இல்லத்தின் அமைதியின் பொருட்டும் உரியது.

இறுதியாக, காலம். இருநாளிற் கற்பித்து முடித்துச் சான்றிதழ் தரும் வகுப்பினும், வாரம் ஒருமுறை பல மாதம் நடக்கும் வகுப்பே சிறந்தது. யாம் வெளிவாரியாகப் பட்டம் பெற்றேம். அஞ்சலில் வந்த பாடக்குறிப்பை இரவில் தனித்திருந்து கற்றேம். நூற்கல்விக்கு அம்முறை போதியதாயிற்று. றைபிளுக்கு அது போதாது. நம் பிழையை நாம் காணுமுன் பின்னின்று காணும் ஒருவர் அங்கே வேண்டும்.

இவையனைத்தையும் ஒரு தாளிற் குறித்து அப்பெரியாரிடம் கொடுத்தோம். பயில வேண்டும் என்றும், வேண்டா என்றும் யாம் கூறவில்லை. வேண்டா என மறுக்கும் உரிமை அவருக்குண்டு. அதுவும் பிழையான முடிவன்று என்றோம். அவர் தாளை இருமுறை படித்து, "நானும் உடன்சென்று பார்ப்பேன்" என்றார். இரண்டாமிடத்திலேயே மகனைச் சேர்த்தார். முதலிரு வாரமும் அவனுக்குச் சன்னம் ஒன்றேனும் கொடுக்கப்படவில்லை. மூன்றாம் வாரம் அவன் நாணி, "சேர், இன்னும் வெறுந்துவக்குத்தான்" என்றான். அருகில் நின்ற தந்தையார், "அப்படிச் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் பிள்ளையை விடலாம், மாஸ்ரர்" என்றார். துப்பாக்கியைக் கண்டு ஒதுங்கியே வாழ்ந்தவர் அவர். அவர் கூறிய இவ்வளவுகோலினும் சிறந்ததொன்றை யாம் அறியேம்.