கணிப்பொறிக்குத் தொண்டை கட்டினால்...

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

மனிதனுக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் கஷாயம் கொடுக்கலாம். கணிப்பொறிக்குத் தொண்டை கட்டினால் என்ன கொடுப்பது?

சென்ற பருவத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தபோது, இந்தக் கேள்வியோடு என் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் தமிழ் இலக்கியம் பயில்பவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளின் துணையால்தான் அவர் வீட்டில் பாடம் படிக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணிப்பொறியின் ஒலி நமக்குப் பொழுதுபோக்கு. அவருக்கோ அதுவே கண்!

"பாட்டுப் போட்டால் வாத்திய இசை கேட்கிறது. பாடுபவர் குரல்தான் சரியாகக் கேட்கவில்லை. பாடம் படிக்கும் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கடைக்காரர் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்" என்றார் நண்பர். அவர் தந்தை கூலி வேலை செய்பவர். மதர்போர்டுக்குப் பணம் எங்கே போவது?

ஒலி வரும் வழி

நோயைக் காணுமுன் உடலை அறிய வேண்டுமல்லவா? கணிப்பொறிக்குள் இருப்பது ஒலியன்று, வெறும் எண்கள். இசைத்தட்டான சி.டி.யில் ஒரு வினாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிவு செய்ய அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. இந்த எண்களை ஒரு சிறு சில்லு மின்னலைகளாக மாற்றுகிறது. பெருக்கி அவற்றைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கரின் கூம்பு அதிர்ந்து காற்றை அசைக்கிறது.

எண், மின்சாரம், காற்று என்று மூன்று நிலைகள். கோளாறு எந்த நிலையில் என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நோயும் மருந்தும்

முதலில் வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு மட்டும் கெட்டிருந்தால் பதிவே கெட்டது. கணிப்பொறி என்ன செய்யும், பாவம்!

ஒலி விட்டுவிட்டு வெடிப்பதுபோல் கேட்டால், கணிப்பொறி வேறு வேலைகளில் மூழ்கி, எண்களை உரிய நேரத்தில் அனுப்பத் தவறுகிறது எனலாம். தேவையற்ற நிரல்களை மூடிவிட வேண்டும். புளூடூத் ஹெட்போனில் பேசத் தொடங்கியதும் இசை தேய்ந்தால் அஞ்ச வேண்டாம். பல ஹெட்போன்களில் மைக் இயங்கும்போது ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்கை நிறுத்தினால் சரியாகும்.

உரக்க வைத்தால் மட்டும் கரகரப்பா? பாட்டை ஓட்டும் நிரல், கணிப்பொறி, ஸ்பீக்கர் என ஒலியைக் கூட்டும் இடங்கள் மூன்று. ஓரிடத்தில் அளவு மீறினாலும் அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். பின்னர் எங்கே குறைத்தாலும் வெட்டுண்டது திரும்பாது. முந்தைய இடங்களில் சற்றே குறைத்துப் பாருங்கள். ஆனால் அங்கே மிகவும் குறைத்து ஸ்பீக்கரில் முழுதும் திருகினாலோ இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓயாத உறுமல் கேட்டால், அது பெரும்பாலும் நம் வீட்டு மின்சாரத்தின் குரல். அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கணிப்பொறியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு இடங்களில் எர்த் இணைப்புப் பெற்றால், இரண்டுக்கும் இடையே ஒலிக் கம்பி வழியாகச் சிறு மின்னோட்டம் சுற்றி வந்து உறுமும். இரண்டையும் ஒரே சுவிட்ச் போர்டில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கும். உறுமலை நிறுத்த எர்த் முனையை உடைப்பவர்களும் உண்டு. அவ்வாறு ஒருபோதும் செய்யாதீர்கள்! அது உயிர் காக்கும் முனை.

நண்பரின் கதை

இவை எதுவும் நண்பரின் சிக்கலுக்குப் பொருந்தவில்லை. இசை இருக்க, குரல் மட்டும் எங்கே போயிற்று?

ஹெட்போன் பிளக்கில் இடக் காதுக்கு ஒன்று, வலக் காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என மூன்று இணைப்புகள். பொதுக்கம்பி அறுந்தால் மின்னோட்டம் ஒரு காதுப் பகுதியிலிருந்து மற்றதன் வழியாகவே திரும்ப வேண்டும். அப்போது இரண்டு பக்க ஒலிகளுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே கேட்கும். வாத்தியங்களில் சிலவற்றை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் தூக்கலாகப் பதிவதுண்டு. ஆகவே அவை கேட்கும். பாடுபவர் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகவே பதிகிறார்கள். சமத்திலிருந்து சமம் போனால் மிச்சம் ஏது? பாடம் படிக்கும் குரலும் இரு பக்கமும் ஒன்றே. எனவே அதுவும் ஏறக்குறைய மறைந்துவிட்டது!

இதை உறுதி செய்ய என் ஹெட்போனைக் கொடுத்தேன். மாட்டிய மறுகணமே நண்பரின் முகம் மலர்ந்தது. கணிப்பொறியில் குறையே இல்லை. அவருடைய ஹெட்போன் கம்பி, பிளக்கின் கழுத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருந்தது. 30 ரூபாய்க்குப் புதிய பிளக் வாங்கி, எங்கள் ஆய்வகத்தில் அனுமதி பெற்றுப் பற்றவைத்தோம். அன்றிரவே அவர் குறுந்தொகை உரையைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஹெட்போனை மாற்றிப் பார்க்க அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாறியது என்ன என்று பார். விலை மலிந்ததிலிருந்து தொடங்கு. ஆய்வகத்தில் நாம் நாள்தோறும் செய்வது இதுதானே? அந்தப் பழக்கம் ஆய்வகக் கதவைத் தாண்டி வீட்டுக்கும் வந்தால், ஏழை வீட்டுப் பணமும் மிஞ்சும். ஒரு மாணவரின் தேர்வும் தப்பும்.