குறுக்குப் புலங்களில் மின்துகள் நகர்வு

ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மின்புலமும் காந்தப்புலமும் குறுக்குப் புலங்கள் எனப்படும். இவற்றில் அகப்பட்ட மின்னூட்டத் துகள், மின்புலம் தள்ளும் பக்கம் போவதில்லை. இரு புலங்களுக்கும் செங்குத்தான மூன்றாவது திசையில் நகர்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வுக் கணக்காகப் படிக்கும் இந்த விதி, மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் மேலுள்ள வானத்தில் நாள்தோறும் நடக்கும் ஒரு பெரிய நிகழ்வை ஆள்கிறது.

ஓய்வில் இருக்கும் ஒரு நேர்மின் துகளை எடுத்துக்கொள்வோம். மின்புலம் அதை முடுக்குகிறது. வேகம் வந்ததும் காந்த விசை பாதையை வளைக்கிறது. வளைந்து மின்புலத்துக்கு எதிராகத் திரும்பும்போது துகள் வேகம் இழந்து கணநேரம் நிற்கிறது. பிறகு மீண்டும் அதே கதை. ஓடும் சைக்கிளின் டயரில் ஒட்டிய சுண்ணாம்புப் பொட்டு காற்றில் வரையும் வளைவுதான் இதன் பாதை. பொட்டு ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் சைக்கிளோடு முன்னே செல்கிறது அல்லவா? அந்தச் சராசரி முன்னேற்றமே நகர்வு. அதன் வேகம், மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் கிடைக்கும். தொடக்கத்திலேயே இந்த வேகத்தில், இந்தத் திசையில் நுழையும் துகள் வளையாமல் நேராகச் செல்லும். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் கேத்தோடு கதிர்களின் வேகத்தை அளக்க இந்தச் சமநிலையையே பயன்படுத்தினார்.

அந்த வகுத்தலில் துகளின் நிறையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. எதிர்மின்னி எதிர்த்திசையில் போகும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்கு மின்விசையும் தலைகீழ், சுழலும் திசையும் தலைகீழ். இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. ஆகவே நேர் அயனியும் எதிர்மின்னியும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகரும். மின்னோட்டம் உண்டாகாது, பிளாஸ்மா மொத்தமாக இடம்பெயரும்.

தென்னிந்தியாவில் இது கண்கூடு. காந்த நடுவரை, அதாவது புவியின் காந்தப்புலம் முழுக்கக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கும் கோடு, இந்தியத் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. பகலில் அங்கே அயனி மண்டலத்தின் மின்புலம் கிழக்கு நோக்கியது. கிழக்கும் வடக்கும் சேர்ந்தால் நகர்வின் திசை மேல்நோக்கி. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் காந்தப்புலம் ஏறத்தாழ 0.000035 டெஸ்லா, மின்புலம் மீட்டருக்கு 0.7 மில்லிவோல்ட் என்று கொண்டால் பிளாஸ்மா நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறும். அது மணிக்கு 72 கிலோமீட்டர், தி. நகர் உஸ்மான் சாலையில் எந்த வண்டியும் கனவு காண முடியாத வேகம். ஏறிய பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே இருபுறமும் சரிந்து, நடுவரையிலிருந்து சுமார் 15 பாகை தள்ளிக் குவிகிறது. வடபுறக் குவிப்பு அகமதாபாத் போன்ற ஊர்களின் அட்சரேகையை ஒட்டி விழும். சென்னை நடுவரைக்கும் அந்தக் குவிப்புக்கும் இடையில் இருக்கிறது.

இன்னும் கீழே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், விதிக்கு ஒரு தடை வருகிறது. அங்கே காற்று அடர்த்தி அதிகம். கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு ஓயாமல் மோதி நகர முடியாமல் நிற்கின்றன. எதிர்மின்னிகள் மட்டும் நகர்கின்றன. முதலில் அவை மேலேறி, மேல்நோக்கிய வலுவான ஒரு மின்புலத்தை உருவாக்குகின்றன. அந்தப் புலம் அவற்றை மேற்கே விரட்டுகிறது. எதிர்மின்னி மேற்கே ஓடினால் மின்னோட்டம் கிழக்கே. இதுதான் நிலநடுக்கோட்டு மின்தாரை. 1951-இல் சிட்னி சாப்மன் இட்ட பெயர் அது. கொடைக்கானலின் காந்தமானி, மும்பை அருகேயுள்ள அலிபாக்கைவிடப் பகலில் மிகுதியாக ஏறி இறங்குவதற்குக் காரணம் இந்த மின்தாரையே. இன்றும் திருநெல்வேலி அளவீட்டிலிருந்து அலிபாக் அளவீட்டைக் கழித்து அதன் வலிமையைக் கணிக்கிறார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதும், அவ்வூர் காந்த நடுவரையை ஒட்டி இருந்ததால்தான்.

சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிது நேரம் வலுத்து, பிறகு மேற்காகத் திரும்புகிறது. அந்தச் சிறிது நேரத்தில் பிளாஸ்மா அடுக்கு வேகமாக மேலே தூக்கப்பட்டு, அதன் அடிப்பகுதி நிலைகுலைந்து, பிளாஸ்மா குறைந்த குமிழ்கள் மேலெழும்புகின்றன. அவற்றைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சைகைகள் விண்மீன் போல மின்னும். ஜிபிஎஸ் பெறுவி சைகையைத் தவறவிடவும் கூடும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாத முன்னிரவுகளில் இது அதிகம். விமானங்களுக்கு வழிகாட்டும் இந்தியாவின் ககன் அமைப்பை வடிவமைத்தவர்கள் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்த சிக்கல்களில் இதுவும் ஒன்று.