கடை இருக்கு, சிக்கன் எங்கே?

ஓட்டலில் இட்லி தீர்ந்துவிட்டால், 'பூரி இருக்கு சார்' என்று சமாளிக்கலாம். சிக்கனை மட்டுமே நம்பி நடக்கும் கடையில் சிக்கனே இல்லையென்றால்?

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் இதுதான் நடந்தது. அங்கே அப்போது சுமார் 900 கே.எஃப்.சி கடைகள். ஒரே வார இறுதியில் 600-க்கும் மேற்பட்ட கடைகள் மூடிக்கிடந்தன. ஆசையாக வந்தவர்கள் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள்.

நாட்டில் கோழிப் பஞ்சம் எதுவும் இல்லை. கோழி இருந்தது. கடைக்குத்தான் வந்து சேரவில்லை.

அதுவரை சரக்கு கொண்டுவந்து கொடுத்தது பிட்வெஸ்ட் லாஜிஸ்டிக்ஸ் என்ற நிறுவனம். உணவுப் பொருள் விநியோகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பிப்ரவரி 14 முதல் அந்த வேலை டி.ஹெச்.எல், கியூ.எஸ்.எல் என்ற இரு நிறுவனங்களின் கைக்கு மாறியது. குடோனும் லாரியும் டி.ஹெச்.எல் பொறுப்பு, எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு என்ற கணக்கு கியூ.எஸ்.எல் பொறுப்பு. பழைய நிறுவனம் பல ஊர்களில் குடோன் வைத்திருந்தது. புதிய ஏற்பாட்டில் ரக்பி என்ற ஊரில் ஒரே ஒரு குடோன்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். ரக்பி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. பெரிய நெடுஞ்சாலைகள் பக்கத்திலேயே போகின்றன. ஒரே இடத்தில் சரக்கு இருந்தால் வாடகையும் ஆள்கூலியும் மிச்சம்.

ஆனால், முதல் நாளே அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து விபத்துகள். லாரிகள் நகரவில்லை. புது வேலைக்கே உரிய குழப்பங்களும் சேர்ந்துகொண்டன. சோப்பு, துணி என்றால் இரண்டு நாள் தாமதத்தைத் தாங்கும். உறையவைக்காத கோழி தாங்குமா? கைகொடுக்க இன்னொரு குடோனும் இல்லை.

திட்டம் போட்டது எங்கோ ஓர் அலுவலகத்தில். வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னதோ கவுன்டரில் நின்ற பையனும் பெண்ணும். அவர்களில் பலர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். கடை மூடினால் கூலி என்னாகும்? தன் நேரடிக் கடைகளில், முந்தைய 12 வாரங்களின் சராசரி வேலை நேரத்தைக் கணக்கிட்டுச் சம்பளம் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால், பெரும்பாலான கடைகள் ஃபிரான்சைஸ். அந்த முதலாளிகளும் அப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது.

கோபம் போலீஸ் வரை போனது. பிடித்த சாப்பாடு கிடைக்காதது போலீஸ் விவகாரம் அல்ல, இதற்காக எங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி போலீசார் ட்விட்டரில் கேட்டுக்கொள்ளும் நிலை!

பிறகு, பத்திரிகைகளில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் வந்தது. காலி பக்கெட்டின் மேல் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளையும் இடம் மாற்றி 'எஃப்.சி.கே' என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாத ஓர் ஆங்கில வார்த்தையை அது ஞாபகப்படுத்தியது. பலர் சிரித்தார்கள், பாராட்டினார்கள். இன்றும் விளம்பரத் துறையினர் பேசுவது அந்த பக்கெட்டைப் பற்றித்தான், குடோனைப் பற்றி அல்ல.

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த செய்தி: சில கடைகளில் கிரேவி தட்டுப்பாடு.

மார்ச் மாதம், வடக்குப் பகுதியில் இருந்த சுமார் 350 கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை, பழைய பிட்வெஸ்ட் நிறுவனத்திடமே திரும்பிப் போனது.