அம்மா மனசு... குழந்தை உடம்பு!

‘மனசு சரியில்லை’னு அம்மா சுருண்டு படுத்துட்டா வீட்ல என்ன ஆகும்? சமையல் லேட்டாகும், சத்தம் குறையும்... அவ்வளவுதானேனு நினைக்கிறீங்களா? இல்லைங்க. கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா, குழந்தையோட எடையே குறையலாம்! மனச்சோர்வு ஒண்ணும் தொத்து வியாதி இல்லையே... அப்புறம் எந்த வயர் வழியா அது குழந்தை உடம்புக்குப் பாயுது? இன்ஜினீயரிங் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? சர்க்யூட்டைத் தேடிக் கிளம்பிட்டேன்!

முதல் ஸ்டாப், பாகிஸ்தான். ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்கள்ல, மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானின் குழு, மனச்சோர்வு இருந்த 160 கர்ப்பிணிகளையும், இல்லாத 160 பேரையும் தேர்ந்தெடுத்தது. பிறந்த குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. 2004-ல் ரிசல்ட் வந்தது. மனச்சோர்வு இருந்த அம்மாக்களின் குழந்தைகளிடம் எடைக் குறைவு, வளர்ச்சிக் குறைவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு... மூணுமே அதிகம்!

‘அது எங்கேயோ நடந்தது’னு தள்ளிவிட முடியாது. அதே 2004-ல் நம்ம வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆய்வும் வெளியாச்சு. ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளின் அம்மாக்களிடம்தான் மனச்சோர்வு அதிகமா இருந்தது.

சர்க்யூட் எங்கே?

மனச்சோர்வுங்கிறது வெறும் சோகம் இல்லை. தூக்கம் போகும், பசி போகும், எழுந்து உட்காரவே தெம்பு இருக்காது. ஆனா, குழந்தைக்கு நேரத்துக்குப் பால் கொடுக்கணும், தண்ணியைக் கொதிக்க வைக்கணும், தடுப்பூசித் தேதியை ஞாபகம் வெச்சுக்கணும், காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடணும். எல்லாத்துக்கும் தெம்பு வேணுமே! பாசம் குறையலை பாஸ்... பவர் சப்ளைதான் கட்! வறுமையும், கைமாத்த ஆளில்லாத வீடும் சேர்ந்துட்டா, பாதிப்பு டபுள். அதனால அம்மா மேல பழி போடறது நியாயமே இல்லை.

வளர்ந்துட்டா தப்பிச்சுக்கலாமா? அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவங்ககிட்ட அவங்க சின்ன வயசைப் பத்திக் கேட்டு, 1998-ல் ஓர் ஆய்வு வெளியானது. வீட்டில் ஒருத்தருக்கு மனநோய், குடி, அடிதடி... இப்படி அனுபவிச்ச கஷ்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பின்னாளில் இதய நோய், நுரையீரல் நோய் வர்ற வாய்ப்பும் கூடியிருந்தது. கவனிங்க, வாய்ப்புதான்... தலைவிதி இல்லை!

என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் (பேர் வேண்டாம்னுட்டான்) சொன்னது: “அம்மா படுத்துட்டா டீயும் பன்னும்தான்டா ராத்திரி சாப்பாடு. எனக்கு வயித்து வலி வந்தப்பகூட வீட்ல சொல்லலை. அம்மா இன்னும் பயந்துடுவாங்களேன்னு!”

பேச்சே மருந்து!

இப்போ நல்ல சேதி. அதே ரஹ்மான் குழு, கிராமத்து சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பியது. அவங்க டாக்டர்கள் இல்லை. 16 முறை போய், அம்மாக்களோட உட்கார்ந்து பேசி, அவங்க எண்ணங்களை மெதுவா மாத்தினாங்க. 2008-ல் வெளியான முடிவு இது: பிரசவமாகி ஆறு மாசத்தில், பயிற்சி பெறாத ஊழியர்கள் போன பக்கம் 53 சதவிகித அம்மாக்களுக்கு மனச்சோர்வு நீடிச்சது. பயிற்சி பெற்றவங்க போன பக்கம் 23 சதவிகிதம்தான்! குழந்தைகளின் எடை, உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியலை. ஆனா வயிற்றுப்போக்கு குறைஞ்சது, தடுப்பூசி முழுசா போட்டவங்க அதிகமானாங்க. மருந்து குழந்தைக்குக் கொடுக்கலை... அம்மாகிட்ட பேசினதுக்கே இந்த எஃபெக்ட்!

உங்க வீட்லயும் அம்மாவோ அப்பாவோ இப்படித் தவிக்கிறாங்களா? ‘அது அவங்க சுபாவம்’னு விட்டுடாதீங்க. 2022-ல் மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பெரியவங்களுக்காக நீங்களே கூப்பிடலாம். கூடவே, தம்பி தங்கச்சி நேரத்துக்குச் சாப்பிடறாங்களா, காய்ச்சல்னா டாக்டரைப் பார்க்கிறாங்களானு ஒரு கண் வைங்க. உங்க வயித்து வலியையும் மறைக்காதீங்க!

என் நண்பனோட அம்மா இப்போ ஒழுங்கா சிகிச்சை எடுக்கறாங்க. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவன் செல்போன் அடிக்குது. முதல் கேள்வியே, “சாப்டியாடா?”தான்!