வணிகர் வாக்கே நாணயம்

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய பழஞ் செப்புக் காசுகளை அமெரிக்காவிலே காண்கிறோம்.

1792ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் பிலடெல்பியாவில் நாணயசாலையை நிறுவியது. எனினும், சில்லறைத் தட்டுப்பாடு உடனே நீங்கவில்லை. அந்நாளில் இந்தியாவுடன் வாணிகம் நடத்திய நியூயோர்க் நகரத்து டால்பட், அல்லம், லீ கொம்பனியார், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஒரு சதக் காசுகளை அடிப்பித்து வருவித்தனர். ஒருபுறம், சரக்குப் பொதியருகே நிற்கும் சுதந்திர தேவி, மறுபுறம் பாய்க்கப்பல். 1795ஆம் ஆண்டுக் காசின் விளிம்பிலோ, கொண்டுவருபவருக்கு ஒரு சதம் தருவதாக உறுதிமொழியே பொறித்திருந்தனர். அரசின் முத்திரையன்று, வணிகரின் வாக்கே அச்செம்புக்கு மதிப்பளித்தது.

அதே ஆண்டில், செம்பு போதாது தவித்த நாணயசாலை இக்காசுகளில் ஏறத்தாழ 52,000ஐ விலைக்கு வாங்கியது. அவற்றை அளவாக வெட்டி, அரைச் சதங்களாக மீண்டும் அடித்தது. 1795, 1797 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய அரைச் சதங்கள் சிலவற்றில், பழைய எழுத்துக்களின் சாயல் இன்றும் மங்கலாய்த் தெரிகிறது.

1794ஆம் ஆண்டுக் காசுகளிலே, 'நியூயோர்க்' என்னும் ஊர்ப்பெயர் இல்லாதவை மிக அரியவை. நாணயம் சேகரிப்போர் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் நாடுவது, இத்தகைய சிறு வேறுபாடுகளையும் அழியாத சுவடுகளையுமே.