பெயர் கேளாமல் பசியாற்றும் பந்தல்கள்

தைப்பூசத்திற்கு முந்தைய நாள் அதிகாலையில், பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோவில் வீட்டிலிருந்து முருகப் பெருமான் வெள்ளி இரதத்தில் எழுந்தருளுகிறார். 1894ஆம் ஆண்டு முதல் நகரத்தார் பெருமக்களின் பராமரிப்பில் இருந்துவரும் இவ்விரதம், தண்ணீர்மலை அடிவாரத்தைச் சென்றடைய ஒரு பகல் முழுவதும் ஆகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டிலிருந்து குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க இரதமும் புறப்படுகிறது. வழிநெடுகச் சிதறும் தேங்காய்களையும் ஆடிவரும் காவடிகளையும் பற்றி எழுதாத ஏடில்லை. ஆனால் அந்தக் கூட்டம் அத்தனையும் பசியும் தாகமும் இன்றி மலையேறி இறங்குவதற்குக் காரணமான தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றி எழுதுவோர் குறைவு.

தண்ணீர்ப் பந்தல் என்பது நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது உடன் கொண்டுவந்த தருமம். பெரிய புராணத்தில் வரும் அப்பூதி அடிகள் நாயனார் திங்களூரிலே பந்தல் அமைத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். வெயிலில் நடந்து வந்த நாவுக்கரசரே ஒருநாள் அந்தப் பந்தலைக் கண்டு, உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அவரிடம் வினவினார். வந்தவர் யாரென்று அறியாத அடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது! தருமம் செய்தவர் பெயர் அங்கே இல்லை. வந்தவர் பெயரையும் எவரும் கேட்கவில்லை. பந்தலின் இலக்கணம் இவ்வளவுதான்.

பினாங்கிலே துறைமுகத் தொழிலாளர்கள், அரசாங்க ஊழியர்கள், தொழிற்சாலைப் பணியாளர்கள், குடியிருப்பு இளைஞர்கள் என்று பலரும் குழுவாகச் சேர்ந்து பந்தல் நடத்திவருகின்றனர். முதல் நாள் மாலையே காய்கறி நறுக்கும் வேலை தொடங்கிவிடும். பெண்கள் வட்டமாக அமர்ந்து வெங்காயம் உரிக்க, ஆண்கள் அண்டாக்களைக் கழுவி அடுப்பேற்றுவர். அனுபவமுள்ள சமையற்காரர் புளிச்சாதத்தையும் எலுமிச்சைச் சாதத்தையும்தான் முதலில் கிளறுவார். அவை நெடுநேரம் கெடாது. தயிர்ச்சாதத்தை நம் நாட்டு வெப்பத்தில் முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கிவைத்தால் நண்பகலுக்குள் புளித்துவிடும். ஆகவே அதனைச் சிறிது சிறிதாகக் கலந்து உடனுக்குடன் வழங்க வேண்டும். விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருவோருக்கு எண்ணெய்ப் பலகாரத்தைவிடப் பானகமும் நீர்மோரும் உகந்தவை. வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகம் தளர்ந்த உடலைத் தேற்றும். வண்ணம் கலந்த சர்க்கரை நீருக்கு அந்தக் குணம் கிடையாது.

நாவில் அலகு தரித்தவரால் எதையும் அருந்த முடியாது. அவர் வரும்போது பந்தலிலிருந்து ஓடிவந்து, தார்ச்சாலையில் சுடும் பாதங்களில் மஞ்சள் நீரை ஊற்றுவார்கள். ஊற்றுபவரின் முகத்தை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

வரிசையில் நிற்போர் அனைவரும் பக்தர்களாகத்தான் இருக்க வேண்டுமென்ற நியதியும் கிடையாது. நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் உடைத்த சீனர் நிற்பார். காவல் பணியிலுள்ள போலீஸ்காரர் நிற்பார். புகைப்படக் கருவியோடு வெள்ளைக்காரரும் நிற்பார். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து உழைக்கும் தம்பி ஒருவர், பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சாதத்தின் மணத்தை நுகர்ந்துவிட்டு, அறையிலிருக்கும் தோழர்களுக்காக இன்னும் மூன்று கேட்பார். "ஆளுக்கு ஒன்றுதான்" என்று விரட்டும் பந்தல்களும் உண்டு. பின்னால் நிற்பவருக்கு இல்லாமற் போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு. கவலை நியாயமானதே. எனினும், வேலைமுறை காரணமாக வர இயலாதவனுக்கும் பசி உண்டல்லவா? அண்டாவில் இருக்கும்வரை கொடுத்துவிடுவதே முறை.

வருந்தத்தக்க சிலவும் உள்ளன. பந்தலின் முகப்பை மறைக்கும் அளவுக்கு உபயகாரர் பெயரும் படமும் தாங்கிய பதாகைகள் தொங்குகின்றன. உணவுக்கு விலையில்லை, விளம்பரமே விலை என்றாகிவிட்டால் அப்பூதி அடிகளின் பந்தலுக்கும் இதற்கும் என்ன உறவு? செவியைப் பிளக்கும் சினிமாப் பாடல்களுக்கிடையே முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்டாலும் அது எவர் காதிலும் விழாது. பாதி தின்று எறிந்த பொட்டலங்களைச் சாலையோரத்தில் காணும்போது, இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்தவர்களை நினைத்து மனம் நோகிறது. அளவைச் சிறிதாக்கி, வேண்டுவோருக்கு மறுமுறை கொடுத்தால் இவ்வளவு வீணாகாது.

2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டினால் பந்தல்கள் எழவில்லை. ஆண்டுதோறும் பந்தல் அமைத்துப் பழகிய குடும்பங்களுக்கு அந்தத் தைப்பூசம் துக்க நாள் போலக் கழிந்தது. உண்ண வருவோர் இல்லாத வேதனையை உணவளிப்போரே நன்கு அறிவர்.

பூசத்திற்கு மறுநாள் மாலை, வெள்ளி இரதம் தண்ணீர்மலையிலிருந்து கோவில் வீட்டை நோக்கித் திரும்புகிறது. அப்போது கூட்டம் மெலிந்திருக்கும். பல பந்தல்கள் பிரிக்கப்பட்டிருக்கும். எஞ்சிய சில பந்தல்களில் சுண்டலும் சூடான பாலும் வைத்துக்கொண்டு, மூன்று நாள் உறக்கமிழந்தவர்கள் காத்திருப்பார்கள். இரதம் கடந்ததும் துடைப்பத்தோடு நகராண்மைத் துப்புரவுத் தொழிலாளர்கள் வருவர். அண்டாவின் அடியில் இருப்பதைச் சுரண்டி எடுத்து, அவர்கள் கையில் கொடுத்த பிறகே அடுப்பு அணைக்கப்படும்.