சவப் பரிசோதனையைக் கண்டு நாம் அஞ்சலாமா?

தோட்டத்தில் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால், சாவு வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ஐயோ, அறுத்துப்புடுவாங்களா?" என்பதுதான். மகன் கொள்ளி வைக்கும்போது உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்று நினைப்பது நம் வழக்கம். அந்த உணர்வை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தப் பயத்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நியாயமும் பணமும் கைவிட்டுப் போகலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

தற்கொலை, விபத்து, மிருகத்தாலோ இயந்திரத்தாலோ வந்த சாவு, திடீர்ச் சாவு, காரணம் தெரியாத சாவு - இவற்றைப் போலீசார் விசாரிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். சந்தேகம் இருந்தால் உடலை அரசாங்க டாக்டரிடம் அனுப்புவார்கள். இதற்குக் குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை. நோயைப் பற்றி மேலும் அறிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் கேட்கும் பரிசோதனை வேறு. அதற்கு நாம் சம்மதிக்க வேண்டும்.

என்ன செய்வார்கள்?

முதலில் உடம்பின் வெளிக்காயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நெஞ்சையும் வயிற்றையும் திறந்து இருதயம், நுரையீரல், ஈரல் முதலியவற்றைச் சோதிப்பார்கள். தலையில் வெட்டு பின்பக்கமாகப் போகும், முகம் கெடாது. விஷம் என்று சந்தேகித்தால் இரத்தம், இரைப்பையில் உள்ளது ஆகியவற்றை இரசாயன இலாகாவுக்கு அனுப்புவார்கள். எல்லாம் முடிந்ததும் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மாலை போட்டுச் சடங்கு செய்யத் தடை ஏதுமில்லை.

யாருக்கு லாபம்?

செம்பனைக் காட்டில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாம்பு கடித்ததா? குலை மேலே விழுந்ததா? மாரடைப்பா? பார்த்தவர் யாருமில்லை. "நெஞ்சு வலின்னு நேத்தே சொன்னாரு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காரியத்தை முடித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? வேலையால் வந்த சாவு என்று உறுதியானால், சொக்சோ கணக்கிடும் சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. நோயால் வந்த சாவென்றால் வேறு திட்டம்; அதற்குச் சந்தா நிபந்தனைகளும் உண்டு. இரண்டில் எது என்பதை அந்த உடம்புதான் சொல்ல வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இதனால் நன்மையுண்டு. 1998, 1999-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பிறகுதான் அது நிப்பா என்ற புதிய கிருமி என்று தெரிந்தது. மூளையின் சிறு இரத்தக் குழாய்களை அது எப்படிக் கெடுக்கிறது என்பதை இறந்தவர்களின் உடல்களே டாக்டர்களுக்குக் காட்டின. நம் நாட்டில் 105 பேரைப் பலிகொண்ட நோய் அது.

மறைக்க முடியாத சாட்சி

2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்த குகனை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்ததால் இறந்தார் என்றது முதல் பரிசோதனை. குடும்பத்தார் விடவில்லை. இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததை அது வெளிக்கொணர்ந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் போலீசாரையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகளாக்கியது.

ஆகவே, தோட்ட மக்களே, சந்தேகச் சாவு நேர்ந்தால் உடனே போலீசில் சொல்லுங்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். பக்கத்தில் கிடந்த மருந்துப் புட்டியைத் தூக்கி எறியாதீர்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. தெரிவித்தார்களா என்று கிராணியிடம் கேளுங்கள். பரிசோதனை அறிக்கைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் செய்யுங்கள். இறந்தவர் இனி வாய் திறக்க மாட்டார். அவருக்காகப் பேசப்போவது அந்த அறிக்கைதான். அதை நாமே தடுத்துவிடலாகாது.